கஜீபன்பிரசாந்தி டொட் கொம்

"விலையைக் கூட்டி அனுப்பியிருக்கினம், தங்கச்சி. உந்த வெப்சைற் பேருக்கு உவ்வளவு காசு வேறை ஆரும் தரமாட்டினம்," என்றார் சுபாஸ்.

சாவகச்சேரிச் சந்தைக்கு எதிரே இருந்த அவருடைய கணினிக் கடையில் பிரசாந்தி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கையிருந்து அண்ணை கேட்கினம்?"

"ரொறன்ரோவாம். ஆளின்ரை பேர் சொல்லேல்லை."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கஜீபன் இருப்பதும் ரொறன்ரோவில்தான்.

மோதிரம் மாற்றிய கையோடு, கலியாண வெப்சைற்றுக்கென்று இருவரும் இதே கடையில்தான் அந்த இணைய முகவரியைப் பதிந்தார்கள். பிறகு அவன் கனடா போனான். போய்க் கொஞ்சக் காலத்தில் அவன் தாய் வந்து, "அவனை மறந்திடு பிள்ளை," என்று மோதிரத்தைத் திருப்பிக் கேட்டாள். பிரசாந்தி பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். முகவரியை மட்டும் விடவில்லை. வருஷா வருஷம் தன் சம்பளத்தில் புதுப்பித்து வந்தாள்.

சுபாஸ் தலையைச் சொறிந்தார். "எனக்கெண்டால் விளங்கேல்லை. சின்னப் பேர், கேட்ட உடனை பிழையில்லாமல் அடிக்கக்கூடிய பேர், அதுகளுக்குத்தான் விலை. ஒரே பேர் கன பேருக்கு இருந்தால் இன்னும் நல்லம், வேண்டுறதுக்கு அடிபடுவினம். இது நீட்டுப் பேர். ரெண்டு பேரைச் சேர்த்துக் கட்டினது. இதை ஆர் தேடப் போகினம்?"

"தேட வேண்டிய ஆள்தான் தேடுது அண்ணை. நான் விக்கமாட்டன். அவரையே என்னோடை கதைக்கச் சொல்லுங்கோ."

சுபாஸ் செய்தி அனுப்பினார். சற்று நேரத்தில் அவருடைய போன் அடித்தது. அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே நகர்ந்தார்.

"ஹலோ?"

அதே குரல். அவளுக்குக் கண் நிறைந்தது. "கஜீ... நான்தான்."

"பிரசாந்தியோ? நீரே இன்னும் அதை வைச்சிருக்கிறீர்?"

"ஓம். விட மனம் வரேல்லை. உங்களிட்டை நான் காசு வேண்டுவனே? இனி ரெண்டு பேருமா வைச்சிருப்பம்."

"அடுத்த மாசம் கலியாணம். அதுக்குத்தான் அந்தப் பேர் வேணும்."

"அடுத்த மாசமோ?" அழுகையும் சிரிப்புமாக அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "முதலே சொல்லியிருக்கலாமே கஜீ! வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாதே."

"பிரசாந்தி, நில்லும்... என்னை மன்னியும்," என்றான் அவன். "நான் கட்டப்போற பிள்ளையின்ரை பேரும் பிரசாந்திதான்."