கண்ணுக்குள் வெயில்

புதிய படம் திரையில் முழுவதுமாக இறங்கியது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

வங்கக் கடலின் மேல் வெள்ளையாகச் சுழன்று கிடந்த மேகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. காலையில் வந்த படங்களில் அது இல்லை.

புயலுக்குக் கண் திறந்துவிட்டது.

கரையோரத்தைக் காட்டும் வரைகோட்டை அந்தப் படத்தின் மேல் பொருத்தினாள். புள்ளி கடலில் இல்லை. நிலத்தின் மேல் ஏறியிருந்தது.

தவராசாவின் ஊர்.

அவரை அவள் நேரில் பார்த்ததில்லை. இலங்கையின் வடகிழக்குக் கரையில், ஒரு சிறிய வானிலை நிலையத்தின் பொறுப்பாளர். செயற்கைக்கோள் படங்களை அந்த நிலையமும் இந்தியக் கரையில் அவள் வேலை பார்க்கும் நிலையமும் பகிர்ந்துகொள்வது வழக்கம். இன்று முற்பகலில் அவருடைய கூரையில் படங்களை வாங்கிக்கொண்டிருந்த டிஷ்ஷைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கடைசியாக அவர் பார்த்த படத்தில் புயல் தெற்கே வெகுதூரத்தில் இருந்தது. அதன் பிறகு திரும்பியிருக்கிறது. அது அவருக்குத் தெரியாது.

படத்தை அனுப்பினாள். தொலைபேசி ஏற்கெனவே காதில் இருந்தது.

"அனுப்பிட்டேன் சார். வருதா?"

"வருது தங்கச்சி. மெல்ல மெல்லத்தான் வருது. மேல் பக்கம் மட்டும் தெரியுது. வெறும் கடல்."

அவருடைய இணைப்பின் வேகம் அவ்வளவுதான். படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக ஊர்ந்தது. புயல் கீழ்ப்பாதியில் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது.

இவ்வளவு நேரமும் அவர் கத்தித்தான் பேசினார். பின்னால் தகரம் அடித்துக்கொள்ளும். பக்கத்துக் குடிசைகளிலிருந்து நிலையத்துக்கு ஓடிவந்திருந்தவர்களின் பிள்ளைகள் அழும்.

இப்போது ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு காகம் கரைந்தது.

"காத்து நிண்டிட்டுது," என்றார் தவராசா. குரலில் சிரிப்பு இருந்தது. "வெயிலும் எறிக்குது. எங்களுக்குப் பட்டது ஓரம்தான் போல. சனம் வீடுவாசலைப் பாக்கவெண்டு வெளிக்கிடுது."

அவள் மறுபடியும் அந்தக் கரும்புள்ளியைப் பார்த்தாள்.

அவளுடைய அதிகாரி பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"படத்தை மட்டும் குடும்மா. கணிச்சுச் சொல்றது அவங்க நாட்டு வேலை. தப்பாப் போச்சுன்னா நாமதான் பதில் சொல்லணும்."

பொருத்திய கோடு சற்று விலகியிருக்கலாம். முன்பு ஒருமுறை விலகியிருக்கிறது. அழித்துவிட்டு மறுபடியும் பொருத்தினாள்.

புள்ளி அங்கேயே இருந்தது.

"சார், யாரையும் வெளிய விடாதீங்க."

"என்ன தங்கச்சி?"

"அது தாண்டிப் போகல. உங்க தலைக்கு மேல நிக்குது. நீங்க கண்ணுக்குள்ள இருக்கீங்க சார். பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதி எதிர்ப்பக்கத்துலேருந்து வரும். கடலையும் சேத்துக்கிட்டு வரும்."



"படம் இன்னும் அதுவரைக்கும் வரேல்லை..." என்று இழுத்தார்.

"படத்துக்காக நிக்காதீங்க சார்!"

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"என்ர மனிசி ஆட்டைப் பாத்திட்டு வாறன் எண்டு வெளியிலை போட்டா."

அங்கே ரிசீவர் மேசையில் விழும் சத்தம் கேட்டது.

"உள்ளுக்கை வாங்கோ! எல்லாரும் திரும்பி வாங்கோ! இன்னும் இருக்கு!" அவர் குரல் வாசலுக்குப் போனது. வாசலைத் தாண்டியது. அதற்குப் பிறகு மனைவியின் பெயரை மட்டும் கூப்பிட்டது.

"யோகம்! யோகம்!"

ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தொலைவிலிருந்து.

பிறகு கேட்கவில்லை.

ஆட்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. செருப்புகள். யாரோ ஒருவர் பிள்ளையை அதட்டினார். எவரோ எதற்கோ சிரித்தார்கள். அவர்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"ஹலோ," என்றாள் அவள். "யாராவது எடுங்க. ஹலோ."

யாரும் எடுக்கவில்லை.

அதிகாரி நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் ரிசீவரின் பக்கம் காதைச் சாய்த்தார்.

காற்று சிறிது சிறிதாகக் கூடி வரும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி வரவில்லை. சுவரில் லாரி மோதியது போல ஒரே அடியாக வந்தது. பிள்ளைகள் வீரிட்டன. கண்ணாடி உடைந்தது. அதிகாரி கண்களை மூடிக்கொண்டார்.

அவள் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்த இரைச்சலுக்குள் ஒரு மனிதக் குரலைத் தேடினாள்.

கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

ஒரு பெண். மூச்சிரைத்தது.

"ஹலோ, ஆர் கதைக்கிறது? இந்தியாவிலை இருந்தோ?"

"ஆமா. நீங்க...?"

"நான் யோகம். இப்பத்தான் பின்பக்கத்தாலை ஓடி வந்தனான்." அந்தப் பெண் காற்றின் இரைச்சலை மீறிக் கத்தினாள். "அவர் உங்களோட கதைச்சுக்கொண்டு நிண்டவர் எண்டு சொல்லினம். அவர் எங்க?"

இவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அங்கே, அந்தப் பெண்ணுக்குப் பின்னால், பலர் சேர்ந்து கனமான எதையோ இழுத்துக் கதவை அடைக்கும் சத்தம் கேட்டது.