டேப்பில் எழுதிய பெயர்

"பந்து ஒக்னென்கிட்ட போகணும்! ராடிஷா, நீ வழிய விட்டு ஒதுங்கு!"

பயிற்சியாளர் மிலுட்டின் போட்ட சத்தத்தில் அரங்கக் கூரையில் இருந்த புறாக்கள் படபடத்தன. ராடிஷாவுக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருஷமாக இந்தக் கூடைப்பந்து அணிக்குக் கூடைக்கடியில் மலைபோல் நின்று ஆடியவனை ஒதுங்கச் சொல்கிறார், அதுவும் பத்தொன்பது வயதுப் பொடியனுக்காக.

பொடியன் என்றாலும் ஏழடிக்கு ஓர் அங்குலம்தான் குறைச்சல். மூன்று மாதமாக மிலுட்டின் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். தினமும் காலையில் தனிப்பயிற்சி; போட்டி என்றால் ராடிஷா ஆட வேண்டிய நேரமெல்லாம் அவனுக்கு.

ராடிஷாவின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. மனைவி இந்தச் சாச்சாக் ஊரில்தான் அழகு நிலையம் நடத்துகிறாள், மகள் படிப்பதும் இங்கேதான். இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே ஆடிவிட வேண்டும், அவனுக்கு வேறு ஆசை இல்லை.

இடைவேளையில் ஒக்னென் எண்ணெய் ஊறிய பொட்டலத்தோடு வந்தான். "அண்ணே, கறி வெச்ச பொரெக் வாங்கியாந்தேன். சூடா இருக்கு."

"நீயே தின்னு. நீதானே இன்னும் வளரணும்!"

பையன் வெள்ளந்தியாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ராடிஷாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஒரே ஓர் ஆறுதல், உடைமாற்றும் அறையில் இருந்தது. ராடிஷாவின் அலமாரியில் அவன் பெயர் பித்தளைப் பலகையில் பளபளத்தது. ஒக்னெனின் அலமாரியில் வெறும் டேப், அதில் பேனாவால் கிறுக்கிய பெயர். அந்த ஒரு கதவில் எத்தனையோ டேப்புகள் ஒட்டி உரிந்திருக்கின்றன.

மசாஜ் செய்யும் போரிவோயே காதோடு சொன்னான்: "மேல கேலரியில மஞ்சள் மஃப்ளர் போட்ட ஆளைப் பார்த்தியா? ஸ்பெயின்லேருந்து வந்திருக்கார். இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சிடும்னு பேசிக்கிறாங்க."

என்ன முடிவு? அவனா நானா என்பதுதான், வேறென்ன! பொறாமை புகுந்த தலையில் வேறு யோசனைக்கு இடமே இல்லை.

அடுத்த அரை மணி நேரப் பயிற்சி ஆட்டத்தில் ராடிஷா பேயாட்டம் ஆடினான். ஒக்னென் எறிந்த பந்தை ஐந்து தடவை தட்டி இருக்கைகளுக்குள் விரட்டினான். ஆறாவது தடவை பையனே குப்புற விழுந்தான்.

"டேய், போய் அம்மாகிட்ட பால் குடிச்சிட்டு வா!"

மொத்த அணியும் விழுந்து விழுந்து சிரித்தது. மஞ்சள் மஃப்ளர்காரர் குறிப்பேட்டை மூடினார். மிலுட்டினுடன் கைகுலுக்கிவிட்டு வெளியே போனார்.

உடைமாற்றும் அறைக்குள் மிலுட்டின் வந்தபோது ராடிஷா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இப்ப சொல்லுங்க கோச், யாரு பெரிய ஆளு?"

"நீதான். அந்த ஸ்பெயின்காரரும் அதைத்தான் சொன்னார்."

ராடிஷாவுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"முப்பத்திமூணு வயசு ஆள்கிட்டயே தாக்குப்பிடிக்க முடியாத பையன், எங்க க்ளப்புக்கு வேண்டாம்னுட்டார்."

"அவங்க... க்ளப்புக்கா?"

"பின்ன, வேடிக்கை பார்க்கவா அவ்வளவு தூரத்துலேருந்து வருவார்? ஒக்னென வாங்க வந்தவர்டா! அவன் வித்துப் போனா உனக்கு ரெண்டு வருஷம் நீட்டிச்சுத் தரலாம்னு இருந்தேன். உங்க ரெண்டு பேரையும் வெச்சுக் காப்பாத்த நம்ம க்ளப்பால முடியாது. அவனுக்கு இன்னும் மூணு வருஷ ஒப்பந்தம் இருக்கு."

ராடிஷாவின் தோளிலிருந்து துண்டு நழுவியது. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கோச்..."

"ஒதுங்கு, ஒதுங்குன்னு காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்தினேனே!"

மிலுட்டின் போய் ஒக்னெனின் அலமாரியில் ஒட்டியிருந்த டேப்பை உரித்துக் கசக்கினார்.

"பையனுக்குப் பித்தளையில ஒரு பலகை அடிக்கச் சொல்லணும்."