வெள்ளைக் கையுறை

கொட்டாஞ்சேனை மாதா கோயில் மண்டபத்தில் பெருநாள் விநோத உடைப் போட்டி நடக்கிறது. பின்னேர வெயில் யன்னல் கம்பிகளுக்குள்ளால் விழுந்து, மேடையில் நிற்கும் பிறெடியின் வெள்ளைக் கோட்டில் மினுங்குகிறது. போன வருஷம் செத்துப்போன பைலாப் பாட்டுக்காரன் லம்பேட்டின் வேஷம் அவனுக்கு. எண்ணெய் வைத்து மேவி இழுத்த தலை, தோளில் கித்தார், இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை. பதினெட்டு வருஷம் லம்பேட்டுக்குப் பின்னால் ட்ரம்ஸ் அடித்துவிட்டு, கோபித்துக்கொண்டு போய், செத்த வீட்டுக்கும் வராத மனுஷன் இவன். கையுறை விரல்கள் கம்பியில் வழுக்க, கித்தார் அழுகிற மாதிரிக் கத்துகிறது. அதையும் பகிடி என்று நினைத்துச் சனம் விசிலடிக்கிறது. முதல் பரிசு அவனுக்குத்தான். கிண்ணம் கொடுக்க லம்பேட்டின் மனைவி றோஸியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் மேடையேறுகிறாள். பிறெடி பல் தெரிய இரண்டு கையையும் நீட்டுகிறான். கிண்ணம் அவளுடைய இடுப்பை விட்டு அசையவில்லை. “எதப் பாத்து உடுத்தினனீ?” என்கிறாள். “செத்த வீட்டுக்கு நான் வரேல்லத்தானே அக்கா. ஃபேஸ்புக்கில கண்ண மூடிப் பாடுற மாதிரிக் கிடந்த கடைசிப் படத்தப் பாத்து அச்சொட்டா உடுத்தினனான்.” மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோகிறது. “அந்த மனுஷன் உயிரோட இருக்கேக்க ஒருநாளும் கிளவுஸ் போட்டதில்ல பிறெடி. சவப்பெட்டிக்குள்ள கிடத்தினாப் பிறகு நான் போட்டுவிட்டது அது.” விசில் நின்றுவிடுகிறது. பிறெடி வலது கையுறையைப் பிடித்து இழுக்கிறான். வியர்வையில் ஒட்டிக்கொண்டு, அது கழர மாட்டேன் என்கிறது.