கொழுப்பு

மணிக்கட்டு வழியாக நுழைந்த கம்பி இதயம் வரை போய்விட்டது எனக்குத் தெரியவே இல்லை. மேஜையின் குளிர்தான் முதுகில் உறைத்தது.

ஆஞ்சியோ படத்தில் அடைப்பு பாதிக்கும் குறைவு. மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கலாம். டாக்டரம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. ரத்தக்குழாய்க்குள்ளேயே கேமராவை விட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

நெஞ்சில் இளஞ்சூடு பரவி அடங்கியது. அதற்குள் படம் எடுத்து முடித்திருந்தார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணினி அறை. டாக்டரம்மா அங்கே போய், வெளியே காத்திருந்த என் மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

திரையைப் பார்க்கக் குனிந்தவள் மேஜைமேல் கையை ஊன்றினாள். அங்கே மைக்கின் பொத்தான் இருந்தது. அவர்கள் பேசுவதெல்லாம் என் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் கேட்க ஆரம்பித்தது.

"குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்க்கிற மாதிரிதான் இது. ஓரத்துல மங்கலா தெரியுது பாருங்க, அவ்வளவும் கொழுப்பு."

"இவருக்குக் கொழுப்புன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன் டாக்டர். ஒருத்தரும் நம்பல. நீங்கதான் படம் புடிச்சுக் காட்டியிருக்கீங்க."

என் காலருகே நின்ற நர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் அடக்கிக்கொண்டேன்.

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டுக் குரலை இறக்கினார். கொழுப்பை மூடியிருக்கும் தோல் ஓரிடத்தில் கிழிந்திருக்கிறதாம். போன வாரம் வந்த வலி அதனால்தான். மிச்சமிருப்பதும் மிக மெல்லிசு. அது கிழிந்து ரத்தம் உறைந்தால் குழாய் முழுதாக அடைத்துக்கொள்ளும். இன்றே ஸ்டென்ட் வைத்துவிட வேண்டும்.

பிறகு அவள் குரல். எனக்குக் கேட்கிறது என்று தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டாள்.

"எனக்கு முன்னாடி இவரு போயிடக் கூடாது டாக்டர். வேற ஒண்ணும் கேக்கல."

யாரோ அவள் கையை விலக்கியிருக்க வேண்டும். ஒலிபெருக்கி அடங்கிவிட்டது.

டாக்டரம்மா திரும்பி வந்து ஸ்டென்ட்டைப் பொருத்தினார். மறுபடி கேமராவை விட்டுப் பார்த்தார். ஒரு முனை குழாயின் சுவரோடு ஒட்டவில்லை. பலூனை ஊதி அழுத்திவிட்டு இன்னொரு முறையும் பார்த்தார். கண்ணாடிப் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பரிசோதனைகள். எல்லாவற்றுக்கும் இருவருமாகத்தான் போனோம்.

போன மாதம் நான் மட்டும் போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குழாய் புதுசு மாதிரி இருக்கிறது என்றார்.

"வெளியில உக்காந்திருக்காங்களா? கூப்பிடுங்க, அவங்களும் பார்க்கட்டும். அன்னிக்கு என்கிட்ட என்ன கேட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

தெரியும் என்றேன். அவள் கேட்டபடியேதான் நடந்தது என்றும் சொன்னேன்.