ஏழாம் நம்பர் வீடு

மலாங் நகரத்தில் தான் குடியிருக்கும் தெருவையே மேசை மேல் அட்டையில் குட்டி மாதிரியாகக் கட்டிக்கொண்டிருந்தாள் ரெத்னோ. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. அரிசியளவு தெருவிளக்கு ஒன்றுதான் பாக்கி. அது வரவேண்டிய பார்சல் மூன்று நாளாக வழியிலேயே இருந்தது. இன்று காலை 'ஒப்படைக்கப்பட்டது' என்றது கூரியர் செயலி. வீட்டுக்கு எதுவும் வரவில்லை.

சேவை மையத்துக்கு ஐந்தாவது முறையாகப் போன் போட்டாள்.

"நீங்க கதவைத் திறக்கலன்னு பக்கத்துல ஏழாம் நம்பர்ல குடுத்துட்டோம் மேடம்."

"எங்க தெருவுல ஆறுக்கு அப்புறம் எட்டுதாங்க! யாரு காதுல பூ சுத்துறீங்க?"

"போட்டோ அனுப்பறேன், பாருங்க."

நீலக் கதவு, மஞ்சள் தபால்பெட்டி, வாசலில் பார்சல். ரெத்னோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அளவு பிசகி மேசைத் தெருவில் இடம் மிஞ்சியபோது, அதை நிரப்ப அவளாகக் கட்டி ஏழு என்று எழுதிய வீடு அது. மேசைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். வாசலில் பார்சல் இல்லை.

"என்னங்க, ஓடி வாங்க! நம்ம ஏழாம் நம்பருக்குக் குடி வந்துட்டாங்க! பார்சலை உள்ள எடுத்து வச்சிருக்காங்க!"

"அதுக்கு வெறுங்கையோடவா போய் நிப்ப?" என்று சிரித்தான் கணவன் பாகஸ்.

பார்சல் வாங்கி வைத்தவர்களுக்கு ஏதாவது கொண்டுபோவதுதானே தெரு வழக்கம். பொரித்த வாழைப்பழத்தில் ஒரு துணுக்கை இடுக்கியால் எடுத்து வாசலில் வைத்தாள். குனிந்து, "வீட்டுல யாருங்க?" என்று குரல் கொடுத்தாள்.

நேற்று அவள் பசை போட்டு ஒட்டிய நீலக் கதவு உள்பக்கமாகத் திறந்தது.