பேப்பரில் வந்தால் போதும்

‘திண்டிவனம் பக்கத்து ஊராட்சித் தலைவர் அப்பாதுரை வெட்டிக் கொல்லப்பட்டார்.’

யாரும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து அந்த வரியை மூன்றாம் முறையாக நீக்கினான், விழுப்புரத்தில் இருக்கும் ராஜ்குமார்.

மறுநாள் அவன் வீட்டுக் கதவு உடைந்து விழுந்தது. வரியை எழுதிய ஏழுமலை, கொடுவாளை ராஜ்குமாரின் கழுத்தில் வைத்து அழுத்தினான்.

“நான் எழுத எழுத நீ அழிச்சிக்கினே இருப்பியா?”

“ஆதாரம் இல்லீங்க. பேப்பர்ல வந்தா விட்டுடுவேன்.”

“அப்புறம் அழிக்க மாட்டியே?”

“சத்தியமா மாட்டேங்க!”

ஏழுமலை கொடுவாளை இடுப்பில் செருகினான். “இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்தப் பேஜாரே இல்ல.”

அவன் போனதும், கழுத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கலைக்களஞ்சியத்தில் ‘தகராறு தீர்ந்தது’ என்று பதிவிட்டான் ராஜ்குமார்.

மாலையில், இறந்த தேதியைக் கேட்க அப்பாதுரை வீட்டுக்குப் போன் செய்தான்.

“அப்பாதுரைதான் பேசறேன், யாருங்க? கொஞ்சம் லைன்லயே இருங்க, வாசல்ல ஏழுமலை கூப்பிடறான்.”