பெருமாள் பல்பு

மெயின் ஸ்விட்சை இறக்கிய பிறகும் பூஜை அறை பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"சூசாவா, பாத்தியா? வீட்ல கரண்டே இல்ல, எரியுது பாரு! இது பெருமாள் போட்ட வெளிச்சம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் வேங்கடாசலம். ஸ்டூல் மேல் ஸ்க்ரூ டிரைவரோடு நின்ற மருமகள் ஹரிதா, உடைந்த ஸ்விட்சின் மூடியைக் கழற்றினாள்.

ஆந்திராவில் இருக்கும் புத்தூரில் அந்தத் தெருவுக்கே தெரிந்த பல்பு அது. மூன்று வருஷமாக, கரண்ட் போனால் தெரு முழுக்க இருட்டில் கிடக்கும். பக்கத்து வீட்டுக் காஞ்சனாவின் டிவியும் வேங்கடாசலத்தின் பல்பும் மட்டும் அணையாது. வீட்டில் எந்த முடிவானாலும் அதன் கீழே நின்று, மணியடித்து, உரக்கச் சொல்வார். பல்பு அணையவில்லையென்றால் பெருமாளுக்குச் சம்மதம். பெருமாள் இதுவரை அவர் பேச்சைத் தட்டியதே இல்லை.

மாமியார் லட்சுமம்மா வாஷிங் மெஷின் கேட்டாள். மணியடித்து "வேணாம்" என்றார். பல்பு எரிந்தது. அவள் இன்னும் கொல்லைக் கல்லில்தான் துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு நாள் அணைந்தது. காஞ்சனா குடும்பம் எல்லாவற்றையும் அணைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு சந்திரகிரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நாள். ஹரிதா ரேணிகுண்டா ஸ்டேஷனில் முட்டை பப்ஸ் சாப்பிட்டதும் அன்றைக்குத்தான் தெரியவந்தது. போதாதா? அன்றிலிருந்து பூஜை அறைக்குள் அவளுக்கு இடமில்லை. ஸ்விட்ச் மாற்ற மட்டும் இன்று அனுமதி.

ஏனென்றால் அவள் ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் பேனல் போர்டுகளுக்கு ஒயரிங் செய்கிறவள். அடுத்த மாதம் சூப்பர்வைசர் ஆகப் போகிறாள். அந்த வேலையை விடச் சொல்லித்தான் சாயங்காலம் மாமனார் மணியடிக்கப் போகிறார். அதற்குள் ஸ்விட்சை மாற்றி வைக்க வேண்டும், அதுவும் அவளே!

ஸ்விட்சுக்கு ரெண்டு ஒயர் போதும். பெட்டிக்குள் நாலு இருந்தது. ரெண்டின் நுனியில் டேப் சுற்றி, சும்மா விட்டிருந்தார்கள். ஒன்று பல்புக்குப் போனது. மிச்சமிருந்த ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு காஞ்சனா வீட்டுப் பக்கம் போனது. அதில் டெஸ்டரை வைத்தாள். பளிச்சென்று எரிந்தது.

ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவரெழுப்பி ரெண்டாக விற்றவர்கள் அந்த ஒயரை மறந்துவிட்டார்கள். காஞ்சனா வீட்டில் இன்வெர்ட்டர் வைத்தும் மூன்று வருஷம்தான் ஆகிறது.

ஹரிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு முட்டை பப்ஸுக்காக எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறாள்! இப்போதே சத்தமாகச் சொல்லிவிடலாம். திரும்பிப் பார்த்தாள். மாமனார் பல்பைப் பார்த்துக் கைகூப்பி நின்றார், கண்ணில் தண்ணீர். ஸ்டூலை விட்டு இறங்கினாள்.

சமையலறைக்குப் போய் லட்சுமம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். "அத்த, நீங்க காஞ்சனா அக்கா வூட்டுக்குப் போய், இந்த லைனை மட்டும் கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லுங்க. ஸ்விட்சை மாட்டிட்டு குரல் குடுக்கறேன். மாமாவுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடஞ்சிடுவாரு."

லட்சுமம்மா போனாள். லைன் அணைந்து, ஹரிதா ஸ்விட்சை மாட்டிக் குரல் கொடுத்த பிறகு திரும்பி வந்தவள், "சாமி வெளக்குதான, எங்க கரண்ட்லயே எரிஞ்சிட்டுப் போவுதுன்னு காஞ்சனா சொல்லிடுச்சி" என்றாள்.

நாலு ஒயரையும் இருந்தபடியே வைத்து, புது ஸ்விட்சை முடுக்கியிருந்தாள் ஹரிதா. பெருமாள் பழையபடி பிரகாசித்தார்.

சாயங்காலம் ஆறு மணி. ஹரிதாவும், தரையைப் பார்த்தபடி அவள் புருஷன் சீனுவும் பூஜை அறை வாசலில் நின்றார்கள். வேங்கடாசலம் மணியடித்தார்.

"பெருமாளே, வூட்டுப் பொம்பள ராத்திரி பதினோரு மணிக்கு பஸ்ஸுல வந்து எறங்கறது எனக்குப் புடிக்கல. ஹரிதா நாளையிலேர்ந்து வேலைக்குப் போவாது!"

ஹரிதா கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு வருஷ உழைப்பு, அவ்வளவுதான்.

"ஐயோ, நைனா!" என்று சீனு கத்தியதும் கண்ணைத் திறந்தாள். ஃபேன் சுற்றுகிறது, ஹாலில் டியூப்லைட் எரிகிறது. பெருமாள் பல்பு மட்டும் அணைந்து கிடந்தது.

ஸ்க்ரூவைச் சரியாக முடுக்கவில்லையோ? இதற்கும் பப்ஸ்தான் காரணம் என்பாரே!

வேங்கடாசலம் அவள் பக்கமே திரும்பவில்லை. அணைந்த பல்பையே பார்த்தார். முதல் தடவையாகப் பெருமாள் அவரை மறுத்திருக்கிறார்.

"தப்பு, தப்பு... போவட்டும் சாமி, வேலைக்குப் போவட்டும்!" என்று பதறி, மறுபடி மணியடித்தார்.

பல்பு எரிந்தது.

அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பக்கத்திலேயே சீனுவும் விழுந்தான். ஹரிதா சந்தோஷத்தில் "அத்த!" என்று கூப்பிட்டுக்கொண்டே சமையலறைக்கு ஓடினாள். அங்கே யாரும் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

துவைக்கிற கல் மேல் ஏறி நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபடி லட்சுமம்மா ரகசியக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"காஞ்சனா, நாளைக்கும் மணிச் சத்தம் கேட்டா அணைச்சிடு, நான் வாஷிங் மெஷினு கேக்கப் போறேன்."